மடத்துக் காரின் மௌனம்

நம் மடத்துக் காரை அறியாதவர் நம் பள்ளியில் இல்லை. விடுதி மாணவிக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்கும், மாத முதல் வாரத்தில் வங்கிக்கும், விளையாட்டு விழாவுக்கு முன்தினம் கோப்பைகள் வாங்கக் கடைவீதிக்கும் ஓடுவது அதுவே. அது நிற்கும் ஷெட் மழலையர் வகுப்புகளின் முற்றத்தை ஒட்டி அமைந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் கார் பின்பக்கமாகவே முற்றத்துக்குள் வந்து, பிறகு திரும்பி வாயிலை நோக்கிச் செல்ல வேண்டும். முற்றத்திலோ ஒரு பெரிய வாதாம் மரம். மரத்தடியில் பழம் விழும் நாட்களில் அங்கே பிள்ளைகள் இல்லாத நேரம் அரிது.

அந்தக் காரின் பின்புற பம்பரில், சட்டைப் பொத்தான் அளவில் நான்கு வட்டங்கள் பதிந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல அவை. பின்னால் ஏதேனும் இருந்தால் ஓட்டுநருக்குச் சொல்லும் சென்சார்கள். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் பயணிகள் கார்களில் இவை கட்டாயம் இருக்கவேண்டும் என்பது விதி. ரிவர்ஸ் கியர் போட்டவுடன் இவை விழித்துக்கொள்ளும். தடை அருகில் வரவர 'பீப், பீப்' என்ற ஒலி விரைவுபடும். மிக நெருங்கியதும் இடைவிடாது ஒலிக்கும்.

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, பள்ளி விடும் வேளை. டிரைவர் அண்ணாச்சி ரிவர்ஸ் கியர் போட்டார். ஒரே ஒரு நீண்ட ஒலி எழுந்தது, பிறகு மௌனம். அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. நகர்த்துவதற்கு முன் ஒருமுறை இறங்கிப் பின்னால் பார்ப்பார். அன்றும் இறங்கினார். பின் சக்கரத்தின் அருகே எல்.கே.ஜி. குழந்தை ஒருத்தி குந்தியிருந்து, பாவாடை மடியில் வாதாம் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்!

குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வந்து ஆயாவிடம் ஒப்படைத்த அண்ணாச்சிக்குத்தான் கை நடுங்கிற்று. "ரெண்டு வாரமாவே அது சரியா சத்தம் போடல, சிஸ்டர். காலையில ஈரமா இருந்தா மக்கர் பண்ணும், வெயில் ஏறினா சரியாயிரும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்று தலைமையாசிரியை அருட்சகோதரியிடம் சொன்னார். சிஸ்டர் அவரைக் கடியவில்லை. "இது சரியாகும்வரை கார் ஷெட்டைவிட்டு வெளியே வரவேண்டாம்" என்று மட்டும் சொல்லிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

எங்களுள் ஒருத்தியின் தந்தை ஆட்டோ எலக்ட்ரீஷியன். சனிக்கிழமை காலை தம் கருவிப் பெட்டியுடன் வந்து பழுது பார்த்துத் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். ஒலியும் மின்னோட்டமும் பாடத்தில் நடந்துகொண்டிருந்த சமயம் அது. "புத்தகத்தில் படித்ததைக் காரில் பாருங்கள்" என்று எங்கள் இயற்பியல் ஆசிரியை பதினோராம் வகுப்பு மாணவியர் அறுவரை அனுப்பிவைத்தார். அன்று நாங்கள் கண்டதை இங்கு எழுதுகிறோம்.

வௌவால் கற்பித்த வித்தை

பழுதைத் தேடுமுன், பழுதில்லாதபோது அக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிய வேண்டும்.

இருட்டில் வௌவால் எப்படி எதிலும் மோதாமல் பறக்கிறது? இக்கேள்வியை 1793-ஆம் ஆண்டில் ஆராயத் தொடங்கியவர் இத்தாலி நாட்டு விஞ்ஞானி லாஸரோ ஸ்பலன்ஸானி. இவர் ஒரு கத்தோலிக்கக் குருவும் ஆவார். கண்ணிழந்த வௌவால்கள் தடையின்றிப் பறந்ததை அவர் கண்டார். ஜெனீவாவைச் சேர்ந்த லூயி ஜூரின் என்பவர் வௌவால்களின் காதை அடைத்துப் பார்த்தார். அவை தட்டுத் தடுமாறி மோதின. வௌவால் காதால் வழி காண்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் எதைக் கேட்கிறது என்பதுதான் விளங்கவில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கிரிஃபின், ஜி.டபிள்யூ. பியர்ஸ் என்ற இருவரும், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை வௌவால் எழுப்புகிறது என்பதை 1938-இல் கருவி கொண்டு காட்டினார்கள். அவ்வொலி எதிரிலுள்ள பொருளில் பட்டு எதிரொலியாகத் திரும்புகிறது. அந்த எதிரொலியே வௌவாலின் விளக்கு.

நமது காதுக்கு எட்டும் ஒலி விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே. அதற்கு மேற்பட்டது மீயொலி. காரின் சென்சார் எழுப்பும் ஒலி பெரும்பாலும் விநாடிக்கு 40,000 அதிர்வுகளை ஒட்டியது. ஆகவேதான் அது நம் காதில் விழுவதில்லை. நாம் கேட்கும் 'பீப்' சென்சாரின் குரல் அல்ல. காருக்குள் இருக்கும் பஸரின் குரல்.

சென்சாரின் உள்ளே ஒரு சிறு பீங்கான் வில்லை உண்டு. அதற்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது அதிரும். அதை அதிரச் செய்தால், அதுவே மின்னழுத்தத்தைக் கொடுக்கும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்ற இந்த இயல்பை 1880-இல் கண்டவர்கள் பிரான்ஸ் நாட்டுச் சகோதரர்களான ஜாக் கியூரியும் பியேர் கியூரியும். இந்தப் பியேர் கியூரியைத்தான் 1895-இல் மேரி கியூரி மணந்தார் என்பதைச் சொன்னால் நம் மாணவியர் மகிழ்வர்.

ஆக, ஒரே வில்லைதான் வாய், அதுவேதான் காது. ஒரு சிறு குரல் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்து எதிரொலியைக் கேட்கிறது. 30 பாகை வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். ஒரு மீட்டர் தூரத்தில் சுவர் இருந்தால் ஒலி போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர்; ஆக 2 மீட்டர். 2-ஐ 349-ஆல் வகுத்தால், ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ 5.7 பங்கு. இந்நேரத்தைக் கணக்கிட்டுத் தூரம் கண்டு, பஸரை ஒலிக்கச் செய்வது, டிக்கியின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி.

ஒவ்வொரு சென்சாருக்கும் மூன்று கம்பிகள். ஒன்று மின்சாரம் கொண்டுவருவது. ஒன்று எர்த், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி. மூன்றாவது செய்தி போகும் கம்பி. இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வருவது எளிதில் விளங்கும்.

தேடல் தொடங்குகிறது

ரிவர்ஸ் கியரில் இருக்கும் காரின் பின்னால் நின்று வேலை செய்வதானால் முதலில் நம் உயிருக்குக் காவல் வேண்டும். மாமா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, முன் சக்கரங்களின் இருபுறமும் செங்கல் வைக்கச் சொன்னார். எஞ்சினை ஓட விடவில்லை. சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பினார். அண்ணாச்சி ஓட்டுநர் இருக்கையில் காவல் அமர்ந்தார். வேறு எவரும் சாவியைத் தொடக்கூடாது என்பது கட்டளை.

கியர் போட்டவுடன் அதே நீண்ட ஒலி, பிறகு மௌனம்.

"இதுல இருந்து என்ன தெரியுது, சொல்லுங்க பிள்ளைகளா" என்று கேட்டார் மாமா.

"கெட்டுப்போய்விட்டது என்று தெரிகிறது" என்றோம்.

அவர் சிரித்தார். "எது கெடலைன்னு முதல்ல பாருங்க."

அது எங்களுக்குப் புதிய பாடமாக இருந்தது. பின்னால் போய்ப் பார்த்தோம். வெள்ளை ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. ஆகவே கியர் போட்டதைத் தெரிவிக்கும் சுவிட்சு நன்றாக இருக்கிறது; அவ்வழியில் உள்ள ஃபியூஸும் நன்று. நீண்ட ஒலி கேட்டதால் பஸர் உயிரோடிருக்கிறது. அவ்வொலியை எழுப்பச் சொன்ன கட்டுப்பாட்டுப் பெட்டியும் உயிரோடிருக்கிறது. பல வண்டிகளில் அந்த நீண்ட ஒலிக்கு, 'என் சென்சார்களில் ஒன்று பதில் சொல்லவில்லை' என்பதே பொருள். இரண்டு வாரமாகப் பெட்டி தன் மொழியில் முறையிட்டுக்கொண்டிருந்தது. கேட்டவர்களுக்குத்தான் அம்மொழி தெரியவில்லை.

அடுத்து, கண்ணால் ஆராய்ந்தோம். சேறு ஒட்டியிருந்தாலும், பம்பருக்குத் தடிப்பாக மறு பெயிண்ட் அடித்திருந்தாலும், சென்சார் தன் இருக்கையிலிருந்து உள்ளே தள்ளிப்போயிருந்தாலும் அதன் முகம் சரியாக அதிராது. ஈரத் துணியால் நான்கையும் துடைத்தோம். ஒரு குறையும் தென்படவில்லை. ஒலியும் மாறவில்லை.

காதால் ஒரு சோதனை

நான்கில் எது பேசவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாமா எங்கள் சோதனைச்சாலையிலிருந்து ஒரு முழ நீள ரப்பர்க் குழாய் கேட்டார். அதன் ஒரு முனையைச் சென்சாரின் முகத்தருகே பிடித்து மறுமுனையைக் காதில் வைக்கச் சொன்னார். 'டிக், டிக், டிக்' என்று மெல்லிய ஓசை! கைக்கடிகாரத்தைக் காதில் வைத்தது போல இருந்தது.

மீயொலி நம் காதுக்குக் கேளாது என்றீர்களே, இது எப்படி என்று நீங்கள் கேட்கலாம்; நாங்களும் கேட்டோம். வில்லை ஓயாமல் அதிர்வதில்லை. சட்டெனத் தொடங்கிச் சட்டென நிற்கிறது. அவ்வாறு திடீரெனத் தொடங்கி நிற்பதால் எழும் சிறு தட்டலே நாம் கேட்பது.

இடப்புறமிருந்து எண்ணினால் முதல் சென்சார் டிக் என்றது; இரண்டாவதும் சொன்னது; நான்காவதும் சொன்னது. மூன்றாவது ஊமை. ஆறு பேரும் மாறி மாறிக் கேட்டோம், ஐயமே இல்லை. (ஒரு சென்சார் கெட்டால் மற்றவற்றையும் நிறுத்திவிடும் கார்களும் உண்டு. அவற்றில் இச்சோதனை உதவாது.)

"மூணாவது போயிருச்சு. புதுசு வாங்கி மாட்டிரலாம்" என்றார் மாமா. அவர் செல்பேசியை எடுத்துக் கடைக்குப் பேசப்போகும் வேளையில் அவருடைய மகள் குறுக்கிட்டாள்.

"அப்பா, ஊமைக்குப் பேச வராததா, இல்லை அதுக்குச் சோறே போகலையான்னு இன்னும் பார்க்கலையே?"

மாமா ஒரு கணம் நின்றார். பிறகு செல்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "சரிதான். தொழில்ல நாங்க பண்ற தப்பே இதுதான்" என்று சொல்லிக்கொண்டே பம்பரைக் கழற்ற உட்கார்ந்தார்.

குற்றவாளி யார்?

பம்பரைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. அதன் உட்புறத்தில் நான்கு சென்சார்களும் அவற்றின் பிளக்குகளும் தெரிந்தன. மூன்றாவது சென்சாரையும் நான்காவதையும் கழற்றி, இடம் மாற்றிப் பொருத்தினார் மாமா. இரண்டும் ஒரே வகையானவை என்பதை முதலில் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

இச்சோதனையின் நியாயம் மிக எளிது. சென்சார் கெட்டிருந்தால், ஊமைத்தனம் அதனுடனே நான்காம் இடத்துக்குப் போகவேண்டும். கம்பியில் குற்றமிருந்தால், சென்சார் மாறினாலும் மூன்றாம் இடமே ஊமையாக இருக்கவேண்டும்.

மீண்டும் கியர், மீண்டும் ரப்பர்க் குழாய். நாங்கள் ஊமை என்று தீர்ப்பளித்த சென்சார் நான்காம் இடத்தில் 'டிக், டிக்' என்று உற்சாகமாகப் பேசிற்று! அதுவரை நன்றாகப் பேசிய சென்சார் மூன்றாம் இடத்துக்கு வந்ததும் வாய் மூடிக்கொண்டது. குற்றம் சென்சாரில் இல்லை. அது நின்ற இடத்தில் இருந்தது. கடைக்குப் பேசியிருந்தால் பணமும் போயிருக்கும், பழுதும் தங்கியிருக்கும்.

பொய் சொல்லாத மீட்டர் சொன்ன பொய்

இனி மல்டிமீட்டரின் வேலை. மூன்றாம் இடத்துப் பிளக்கைக் கழற்றி, அதன் மின்சார முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே அளந்தோம். 12.3 வோல்ட். மற்ற மூன்று பிளக்குகளிலும் அதே 12.3 வோல்ட். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சென்சாரும் நன்று, மின்சாரமும் நன்று என்றால் பழுது எங்கே?

"சும்மா இருக்கும்போது அளந்தா எல்லாருமே நல்லவங்கதான்" என்றார் மாமா. "வேலை கொடுத்துட்டு அளக்கணும்."

பிளக்கைச் சென்சாரில் மீண்டும் மாட்டினார். பிளக்கின் பின்புறத்தில் கம்பி நுழையும் துளை வழியாக மெல்லிய ஊசிகளைச் செலுத்தி, மீட்டரின் முனைகளை அவற்றில் வைத்தார். நான்காம் இடத்தில் 12.1 வோல்ட் காட்டியது. மூன்றாம் இடத்திலோ வெறும் 4.6 வோல்ட்! அவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் சென்சார் எப்படி விழிக்கும்?

தோழியரே, இது ஏன் என்பதை நம் வீட்டுக் குழாயைக் கொண்டு விளக்கலாம். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பாசியோ மணலோ அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறப்பான் மூடியிருக்கும்வரை நீர் ஓடவில்லை; ஆகவே திறப்பானில் முழு அழுத்தமும் இருக்கும். திறந்தால் நூல்போலச் சொட்டும். அடைப்பு இருப்பது ஓட்டத்தின்போதே வெளிப்படும். ஓம் விதி சொல்வதும் இதுவே. ஒரு தடையில் இழக்கப்படும் வோல்ட், மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கிவரும் தொகை. மின்னோட்டம் சுழியானால் இழப்பும் சுழி. மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகமிகச் சொற்பம்; ஆதலால் பிளக் கழன்றிருந்தபோது அடைப்பு மறைந்துகொண்டது. மீட்டர் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட கேள்விதான் சரியில்லை.

காணாமற்போன ஏழரை வோல்ட் எங்கே? மின்சாரம் வரும் வழியிலா, திரும்பிப் போகும் வழியிலா? மீட்டரின் கறுப்பு முனையைக் காரின் உடலில் வைத்துவிட்டு, சிவப்பு முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டோம். மின்சார முனையில் 12.2 வோல்ட். வரும் வழி நன்று. எர்த் முனையில் சுழியை ஒட்டி இருக்கவேண்டும். அங்கே 7.6 வோல்ட் நின்றது! 12.2-இல் 7.6 போக மீதி 4.6. கணக்குச் சரியாக வந்துவிட்டது. அடைப்பு, திரும்பிப் போகும் வழியில்தான்.

அந்த எர்த் கம்பியைப் பின்தொடர்ந்தோம். நான்கு சென்சார்களின் கம்பிகளும் பம்பரின் இடது மூலையில் ஒரு பெரிய கனெக்டரில் சேர்ந்து, அங்கிருந்து டிக்கிக்குள் போகின்றன. கனெக்டரின் பம்பர்ப் பக்கத்தில் தொட்டால் 7.6 வோல்ட். ஒரு விரற்கடை தள்ளி, டிக்கிப் பக்கத்தில் தொட்டால் 0.02 வோல்ட். அந்த ஒரு விரற்கடைக்குள் குற்றவாளி அகப்பட்டுக்கொண்டான்.

செம்பில் ஏறிய களிம்பு

சாவியை அணைத்து, பாட்டரியின் இணைப்பையும் எடுத்துவிட்டுக் கனெக்டரைப் பிரித்தார் மாமா. வரிசையாக மின்னிய ஊசிகளின் நடுவே ஒன்று மட்டும் பச்சை பூத்து நின்றது. பாட்டி வீட்டுச் செம்புக் குடத்தில் நாம் பார்த்திருக்கும் அதே களிம்பு. அதன் தடையை அளந்தோம்: ஏறத்தாழ 400 ஓம். பக்கத்து ஊசிகளில் 1 ஓம்கூட இல்லை. 7.6 வோல்ட்டை 400 ஓமால் வகுத்தால் 0.019 ஆம்பியர். அவ்வளவு சிறிய மின்னோட்டத்தை நம்பித்தான் அந்தச் சென்சார் வாழ்கிறது!

இக்களிம்பு எப்படி வந்தது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழையை எவரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அப்போது நம் ஷெட்டிலும் காரின் பம்பர் உயரத்துக்கு நீர் தேங்கியது. நீர் வடிந்ததும் எஞ்சினைப் பார்த்தோம், இருக்கைகளை வெயிலில் உலர்த்தினோம், நன்றி சொல்லிக் காரை ஓட்டினோம். கனெக்டரின் ரப்பர் உறைக்குள் புகுந்த சில துளி உப்பு நீரை எவரும் நினைக்கவில்லை. அது அவசரப்படாமல், மாதக் கணக்கில் தன் வேலையைச் செய்தது. உப்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் செம்பு களிம்பாக மாறுவது இயற்கை. ஈரக் காலைகளில் மட்டும் பழுது தலைகாட்டிய காலம் அதன் தொடக்கம், பிறகு நிரந்தரமாயிற்று.

"புளி போட்டுத் தேய்த்தால் போய்விடுமே" என்றாள் எங்களுள் ஒருத்தி. குடத்துக்கு அது சரி. இங்கே புளியின் அமிலம் எஞ்சிய உலோகத்தையும் அரிக்கும் என்று மாமா தடுத்தார். கனெக்டர் முழுவதையும் அதற்கென உள்ள ஸ்பிரேயால் கழுவி, சிறு பிரஷால் துடைத்தார். அரித்துப்போன ஊசியை வெட்டி எறிந்து, புதிய முனையைக் கம்பியில் இறுக்கிப் பொருத்தினார். ஈரம் புகாதபடி கிரீஸ் தடவி, ரப்பர் உறையையும் மாற்றினார். எல்லாம் முடிந்ததும் நாங்கள் அளந்தோம், சென்சாரில் வேலை கொடுத்துத்தான்! எர்த் முனையில் 0.03 வோல்ட், சென்சாருக்கு 12.1 வோல்ட். ரப்பர்க் குழாயில் நான்கும் டிக் என்றன. நீண்ட ஒலி எழவில்லை.

பொம்மை கற்பித்த பாடம்

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஆசிரியை வந்து பார்த்துவிட்டு, "சரியாகிவிட்டது என்று சொல்லுமுன் சோதித்துப் பாருங்கள்" என்றார். எஞ்சின் ஓடாமல் நின்ற காரின் பின்னால், தரையில் கால் மீட்டருக்கு ஒரு கோடாகச் சுண்ணக்கட்டியால் கிழித்தோம். கையில் கிடைத்த பொருட்களை ஒவ்வொன்றாக நெருக்கிக் கொண்டுவந்தோம்.

பிளாஸ்டிக் குடத்தை ஒன்றரை மீட்டர் தூரத்திலேயே கண்டுகொண்டது. அட்டைப்பெட்டியின் தட்டையான பக்கத்தையும் அவ்வாறே கண்டது. அதே அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் வெகுநேரம் ஒலிக்கவில்லை. எதிரொலி வேறு திசையில் தெறித்துப் போய்விடுகிறது. பஞ்சுத் தலையணையைத் தாமதமாகவே உணர்ந்தது. பஞ்சு ஒலியை விழுங்கிவிடும். ஒல்லியான கொக்கிக்கம்பு அரை மீட்டருக்குள் வந்த பிறகே தெரிந்தது. சமையலறை மணையைத் தரையில் வைத்தோம். ஒலியே இல்லை, அது சென்சாரின் பார்வைக்குக் கீழே கிடந்தது.

கடைசியாக, மழலையர் வகுப்பிலிருந்து அந்தப் பெரிய துணிப் பொம்மையைக் கொண்டுவந்தோம். அன்று மாலை குழந்தை குந்தியிருந்த இடத்தில், பின் சக்கரத்தின் பக்கத்தில், அதை உட்காரவைத்தோம். அண்ணாச்சி கியர் போட்டார்.

மௌனம்.

பொம்மையைச் சற்று நகர்த்தி மறுபடி வைத்தோம். அப்போதும் மௌனம். சென்சார்கள் பழுதின்றி இருந்தன, நாங்களே அளந்திருந்தோம். ஆனால் அவை பின்னோக்கிப் பார்க்கின்றன. சக்கரத்தின் ஓரத்தை அவை பார்ப்பதில்லை. அன்று எல்லாம் சரியாக இருந்திருந்தாலும், அந்தக் குழந்தையை இக்கருவி கண்டிருக்காது. கண்டது, இறங்கிப் பார்த்த ஒரு மனிதர்தான்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. இரண்டு வாரமாகத் தன்னையே நொந்துகொண்டிருந்த அண்ணாச்சி காரிலிருந்து இறங்கிவந்து பொம்மையைக் கையில் எடுத்தார். "அப்போ, இது சத்தம் போட்டாலும் போடாட்டியும் நான் இறங்கிப் பாக்குறத விடக்கூடாது" என்றார்.

அப்படியானால் இக்கருவி வீணா? அன்று. ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத சுவரையும் தூணையும், நேர் பின்னால் நிற்பவரையும் அது சொல்லும். பலமுறை சொல்லியும் இருக்கிறது. ஆனால் அது ஒலித்தால் 'நில்' என்று பொருள். ஒலிக்காவிட்டால் 'வா' என்று பொருள் அல்ல. இவ்வேறுபாட்டை அறியாமல் அதனை நம்புகிறவர், அது இல்லாதவரைவிட ஆபத்தானவர். வீட்டில் கார் வைத்திருக்கும் பெற்றோர் இதனை அன்போடு கவனிக்க வேண்டுகிறோம். ரிவர்ஸ் கியர் போட்டதும் நீண்ட ஒலி கேட்டால் நாளைக்கென்று தள்ளாதீர்கள். பழுது பார்ப்பவர் சென்சாரை மாற்றவேண்டும் என்றால், பக்கத்துச் சென்சாரோடு இடம் மாற்றிப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், வண்டியை எடுக்குமுன் ஒருமுறை இறங்கிச் சுற்றிவந்து பாருங்கள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை அருட்சகோதரி சாவியை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்தார். அத்துடன் இரண்டு ஏற்பாடுகளையும் செய்தார். ஷெட்டின் முன் மஞ்சள் கோடு ஒன்று போடப்பட்டது. கார் அசையும் வேளையில் பிள்ளைகள் அதைத் தாண்டக்கூடாது. கார் பின்னால் வரும்போதெல்லாம் பெரியவர் ஒருவர் அக்கோட்டில் நின்று கைகாட்ட வேண்டும். வாதாம் பழம் விழும் நாட்களில், காலை மணி அடிக்குமுன் ஆயா கூடையில் பழங்களைப் பொறுக்கி வகுப்பு வாசலில் வைத்துவிடுகிறார். இப்போது பிள்ளைகள் பழத்துக்காக அங்கேதான் ஓடுகிறார்கள்.

– பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவியர்